சாலையும் சதுப்பும்

சாலை அமைத்தல் நற்பணி என்பதில் எவருக்கும் ஐயம் இராது. விளைபொருள் சந்தையை அடையவும், நோயாளி மருத்துவமனையை அடையவும், பிள்ளைகள் பள்ளியை அடையவும் சாலை வேண்டும். பழுதுற்ற சாலையைச் செப்பனிடுதலும், குறுகிய சாலையை அகலப்படுத்துதலும், விபத்து நேரும் வளைவைத் திருத்துதலும் எந்த அரசாங்கத்துக்கும் உரிய கடமைகளே. ஆயினும், அகலுகின்ற சாலை தன் அருகே உள்ள எதையேனும் விழுங்கித்தான் அகல்கின்றது. அது ஒருவருடைய வீட்டையோ வயலையோ விழுங்கினால், உரியவர் வழக்காடி நஷ்ட ஈடு பெறுகிறார். கோரையும் சம்பும் மண்டிய சதுப்பு நிலத்தை விழுங்கினாலோ, அதன் பொருட்டு வழக்காட யாரும் வருவதில்லை. அங்கே தங்கிய மழைநீர் வேறு எங்கோ ஒருவர் வீட்டுக்குள் புகுகின்றபோதுதான், இழந்தது இன்னது என்பது தெரிய வருகின்றது.

அந்தச் சதுப்புக்கும் ஈடு செய்தே தீர வேண்டும், அந்த ஈடும் பணமாக இல்லாமல் நிலமாகவும் நீராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு மாநிலம் சட்டம் இயற்றியது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகோடியில் உள்ள மினசோட்டாவே அம்மாநிலம். சதுப்பு நிலத்தைப் பகையெனக் கருதி நூறாண்டுக் காலம் அழித்து வந்த மக்கள், பின்னர் அதனையே காக்க முற்பட்ட வரலாறு அது. ஊரை விட்டு ஊர் சென்று, பெருநகரங்களில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டுள்ள நமக்கு அவ்வரலாற்றில் கற்பதற்குச் சில செய்திகள் உண்டு.

நீரால் பெயர் பெற்ற நாடு

மினசோட்டா என்னும் பெயர் டக்கோட்டா என்னும் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. வானத்தின் சாயல் படிந்த நீர் என்பது அதன் பொருள் என்பர். மிசிசிப்பிப் பேராறு இம்மாநிலத்தில் உள்ள இடாஸ்கா ஏரியில் பிறக்கின்றது. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய ஏரிகள் மட்டும் அங்கு 11,842 உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர்.

இத்தனை நீர்நிலைகளையும் மனிதர் வெட்டவில்லை, பனிப்பாறைகள் வெட்டின. பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், வட அமெரிக்காவின் மேற்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் உருகிப் பின்வாங்கியபோது, மண்ணுள் புதைந்து கிடந்த பெரும் பனிக்கட்டிகளும் கரைந்தன. அவை கிடந்த இடமெல்லாம் பள்ளங்களாயின. அப்பள்ளங்களில் பெரியவை ஏரிகள். சிறியவை குட்டைகளும் சதுப்புகளும். இளவேனிலில் உருகும் பனிநீரை இச்சிறு பள்ளங்கள் தாங்கிக் கொள்ளும். வண்டலைப் படிய வைத்துத் தெளிந்த நீரை மெல்ல மெல்ல வெளியே விடும். வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

ஆழமில்லாத ஏரிகளிலும் மெல்ல ஓடும் ஓடைகளிலும் மனோமின் எனப்படும் நீர்நெல் தானாக விளையும். ஓஜிப்வே மக்கள் அதனை மரக்கலத்தில் சென்று அறுவடை செய்வர். ஒருவர் கலத்தைச் செலுத்த, மற்றொருவர் ஒரு கோலால் கதிரை வளைத்து, மறு கோலால் மெல்லத் தட்டுவார். மணிகளில் ஒரு பகுதி கலத்தினுள் விழும். எஞ்சியவை நீரில் விழுந்து அடுத்த ஆண்டின் விதையாகும். நெல்லை உணவாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் கொண்டு வாழும் நமக்கு, அம்மக்கள் அந்தத் தானியத்தின்பால் கொண்டுள்ள பற்றினை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

கட்டம் போட்ட நிலம்

இத்தகைய நாட்டின் மீது ஒரு கட்டம் போடப்பட்டது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி, அமெரிக்க அரசாங்கம் தன் பொது நிலங்களை அளந்து பிரிக்கத் தொடங்கியது. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப் ஆயிற்று. அது ஒவ்வொரு சதுர மைல் கொண்ட 36 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதிக்கு 640 ஏக்கர். பள்ளமாயினும் மேடாயினும், ஏரியாயினும் காடாயினும், அளவைக் கோடு நேராகவே சென்றது. பிற்காலத்தில் கிராமச் சாலைகள் பெரும்பாலும் இக்கோடுகளின் மீதே அமைந்தன.

நம் நாட்டின் பழைய பாதைகளை எண்ணிப் பாருங்கள். அவை மேட்டைத் தேடி வளைந்து செல்லும். ஏரி குறுக்கிட்டால் அதன் கரைமீது ஏறிச் செல்லும். தமிழ்நாட்டில் ஏரிக்கரையே சாலையாக விளங்கும் ஊர்கள் பல. அங்கே சாலையைப் பேணுவதும் கரையைப் பேணுவதும் ஒரே வேலையாகி விடுகின்றன. மினசோட்டாவின் கட்டச் சாலைக்கு அத்தகைய வளைவு இல்லை. எதிரே சதுப்பு வந்தால், அதன் நடுவே மண் கொட்டி மேடாக்கி நேரே செல்லும். இன்று அம்மாநிலத்தில் உள்ள சாலைகளின் மொத்த நீளம் சுமார் 1,40,000 மைல். மாநில நெடுஞ்சாலைகள் அதில் சுமார் 12,000 மைல் மட்டுமே. எஞ்சியவற்றில் மிகப் பெரும் பகுதி, கௌண்டி எனப்படும் 87 ஜில்லாக்களும் நகரங்களும் டவுன்ஷிப்புகளும் பேணிவரும் உள்ளூர்ச் சாலைகளாகும். சதுப்பைத் தொடாத உள்ளூர்ச் சாலையைக் காண்பது பல இடங்களில் அரிது.

வடிகாலும் கடனும்

கட்டம் போட்ட பின்னர் வடிகால் வந்தது. அக்காலத்தார் கண்ணுக்குச் சதுப்பு நிலம் நோயின் இருப்பிடம், உழவுக்குத் தடை, பயனற்ற பாழ். சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை வடித்துச் சீர்திருத்துமாறு ஊக்கும் சட்டங்கள் 1849இலும் 1850இலும் நிறைவேறின. 1858இல் மாநிலத் தகுதி பெற்ற மினசோட்டாவுக்கு அச்சட்டம் 1860இல் விரிவாக்கப்பட்டது. மண்ணுக்கு அடியில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடிக்கும் முறையை, ஜான் ஜான்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உழவர் 1835இல் நியூயார்க் மாநிலத்தில் தம் பண்ணையில் கையாண்டார். அம்முறை மேற்கு நோக்கிப் பரவியது. மினசோட்டாவின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோள வயல்களாயின.

வடக்கே நடந்தது வேறு கதை. அங்கே செந்நீர் ஏரி எனப் பொருள்படும் ரெட் லேக் பகுதியில், முற்றா நிலக்கரி எனப்படும் தாவரப் படிவு நிறைந்த பெருஞ்சதுப்புகள் உள்ளன. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஓஜிப்வே மக்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலங்களும் அவற்றுள் அடங்கும். மத்திய அரசாங்கத்தின் உரிமையில் இருந்த நிலங்களின் மீதும் வடிகால் வரி விதிக்க 1908இல் வோல்ஸ்டட் சட்டம் இடமளித்தது. ஜில்லா நிர்வாகங்கள் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டின. நேர்கோட்டில் வாய்க்கால்களை வெட்டின. வெட்டி எடுத்த மண்ணை வாய்க்காலின் ஓரத்தில் குவித்து, அதன்மேல் சாலை போட்டனர். இங்ஙனம் வடிகாலும் சாலையும் உடன்பிறந்தவை போல வளர்ந்தன.

எதிர்பார்த்த விளைச்சல் மட்டும் வரவில்லை. அந்த மண் உழவுக்கு ஏற்றதன்று. உலர்ந்த இடங்களில் நெருப்புப் பிடித்தது. குடியேறியோர் வரி செலுத்த இயலாமல் நிலத்தை விட்டு வெளியேறினர். வரி வருவது நின்றபின், கடன்பத்திரங்களுக்கு வட்டி செலுத்த ஜில்லாக்களிடம் பணம் இல்லை. முடிவில் 1929இல் மாநில அரசாங்கம் தலையிட்டு, வரி பாக்கிக்காக விடப்பட்ட நிலத்தை ஏற்றுக் கடன் சுமையைத் தாங்க முன்வந்தது. அப்பகுதி வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பை அழிக்க வாங்கிய கடனைச் சதுப்பாகவே அதனை விட்டுவைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்னும் நம் பழமொழியின் உண்மையை அவர்கள் பெரும்பொருள் கொடுத்துக் கற்றனர்.

இந்நிலை மினசோட்டாவுக்கு மட்டும் உரியதன்று. அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிய அமெரிக்க மாநிலங்களில் 1780களில் சுமார் 22 கோடி ஏக்கர் ஈரநிலம் இருந்தது என்றும், 1980களில் அது சுமார் 10 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைந்தது என்றும் அந்நாட்டு மீன் வன உயிரினத் துறை 1990இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. மினசோட்டாவும் தன் ஈரநிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. அந்த இழப்பு எங்கும் ஒரே அளவாக நிகழவில்லை. வடகிழக்கில் பழைய சதுப்புகளில் மிகப் பெரும்பாலானவை எஞ்சியிருந்தன. தெற்கிலும் மேற்கிலும் உள்ள உழவு ஜில்லாக்கள் பலவற்றில் பத்தில் ஒரு பங்கும் எஞ்சவில்லை. இந்த வேற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

மனமாற்றம்

மனமாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் விழித்தவர்கள் வாத்து வேட்டையாடுவோர். சதுப்பு மறைந்தால் வாத்தும் மறையும் என்று கண்ட அவர்களுக்காக 1934இல் வாத்து முத்திரைச் சட்டம் நிறைவேறியது. முத்திரை விற்ற பணம் பறவைகளின் இருப்பிடங்களை வாங்கப் பயன்பட்டது. மினசோட்டாவில் ரிச்சர்ட் டோரர் என்னும் வனவிலங்குத் துறை அதிகாரியின் முயற்சியால், எஞ்சிய சதுப்புகளை அரசாங்கமே விலைக்கு வாங்கிக் காக்கும் திட்டம் 1951இல் தொடங்கியது.

1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன் 404ஆம் பிரிவு, நீர்நிலைகளில் மண் கொட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. ஈரநிலங்களைக் காக்குமாறு 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் மத்தியத் துறைகளுக்கு ஆணை பிறப்பித்தார். நிகர இழப்பு இல்லாமை என்னும் குறிக்கோளை நாடு ஏற்க வேண்டும் என்று 1988இல் தேசிய ஈரநிலக் கொள்கை மன்றம் பரிந்துரைத்தது. அடுத்து வந்த ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அதனைத் தம் கொள்கையாக ஏற்றார்.

நிகர இழப்பு என்னும் சொற்றொடர் வணிகர் கணக்கேட்டிலிருந்து வந்தது. ஓரிடத்தில் ஓர் ஏக்கர் போனால் வேறிடத்தில் ஓர் ஏக்கர் வர வேண்டும்; கூட்டிக் கழித்தால் குறைவு இருத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. மினசோட்டாவின் சட்டமன்றம் 1991இல் இயற்றிய ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இதனை ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஈரநிலத்தின் அளவில் மட்டுமன்றி, தரத்திலும் உயிர்வகைப் பெருக்கத்திலும் நிகர இழப்பு கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. ஈரநிலத்தைத் தொட விரும்புவோருக்கு அது மூன்று படிகளை வகுத்தது. முதற்படி, தவிர்த்தல். தவிர்க்க இயலாதெனில் இரண்டாம் படி, குறைத்தல். குறைத்த பின்னும் எஞ்சும் இழப்புக்கு மூன்றாம் படியாக ஈடு செய்தல். இடத்துக்கும் நிலத்தின் தன்மைக்கும் ஏற்ப ஓர் ஏக்கருக்கு ஓர் ஏக்கரோ, இரண்டு ஏக்கரோ ஈடு தர வேண்டும் என்பது பொதுவிதி.

சாலைக்கென ஒரு தனி ஏற்பாடு

சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளூர்ச் சாலைகளைப் பேணும் ஜில்லாக்களும் டவுன்ஷிப்புகளும் திகைத்தன. அவற்றின் இடர்ப்பாடு உண்மையானதே. பழைய கட்டச் சாலைகள் குறுகலானவை. ஓரங்கள் செங்குத்தாகச் சரிபவை. வழுக்கிய வண்டி நேரே பள்ளத்தில் கவிழும். பாதுகாப்பு விதிகளின்படி அச்சரிவைப் படுகிடையாக்க வேண்டும். சாலையோரத்தையும் அகலப்படுத்த வேண்டும். சரிவு படுகிடையானால் அதன் அடிவாரம் சில அடி தூரம் வெளியே தள்ளும். அங்கேதான் சதுப்பு இருக்கின்றது. ஒரு சாலைப் பணியில் இங்கே கால் ஏக்கர், அங்கே பத்தில் ஒரு பங்கு ஏக்கர் என்று துண்டு துண்டாக இழப்பு நேரும். உயிரைக் காக்கும் பொருட்டுச் செய்யும் பணியைத் தவிர் என்று எவரும் சொல்ல இயலாது.

அந்தத் துண்டுகளுக்கெல்லாம் தனித்தனியே ஈடு தேடும் பொறுப்பு சிறிய உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. சாலை போட அறிந்த பொறியாளர் சதுப்பை உண்டாக்க அறியார். சாலையோரத்தில் ஒரு குழியைத் தோண்டி நீர் நிரப்பினால் குட்டை கிடைக்கும். கோரையும் பறவையும் கூடிய சதுப்பு கிடைக்காது. செலவோ பெரிது. வரி வருவாய் குறைந்த டவுன்ஷிப் ஒன்று, மாநிலம் இட்ட கட்டளைக்குத் தான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இதற்கு 1996இல் ஒரு வழி காணப்பட்டது. சட்டம் திருத்தப்பட்டு, உள்ளூர்ச் சாலைகளைப் பாதுகாப்பின் பொருட்டுச் சீர்திருத்தும்போது நேரும் ஈரநில இழப்புக்கு ஈடு செய்யும் பொறுப்பை மாநிலமே ஏற்றது. 1987இல் அமைந்த நீர், மண் வள வாரியத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. எனினும் இச்சலுகை எல்லாச் சாலைக்கும் உரியதன்று. ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள சாலையைச் செப்பனிடுதல், புதுப்பித்தல், விதிகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தல் ஆகியவற்றுக்கே அது பொருந்தும். புதிய சாலை போடுவோரும், மிகுதியான வாகனங்கள் செல்வதற்கென்றே சாலையை விரிப்போரும் தம் ஈட்டைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். சலுகை பெறும் உள்ளாட்சியும் முதலில் தவிர்க்கவும் குறைக்கவும் முயன்றதைக் காட்டி, இழப்பின் அளவை வாரியத்துக்கு அறிவித்தாக வேண்டும். ஊரார் நன்மைக்கான சாலைக்கு ஊரார் அனைவரும் ஈடு தருவது முறையே என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

ஈடு செய்யும் விதம்

வாரியம் ஈடு செய்யும் விதம் எளிமையானது. ஆனால் பொறுமை வேண்டுவது. முன்பு சதுப்பாக இருந்து வடிக்கப்பட்ட வயல்கள், விற்கவோ நிலையான உரிமைப் பத்திரம் எழுதித் தரவோ இசையும் உழவர்களிடமிருந்து பெறப்படுகின்றன. மண்ணுக்கடியில் உள்ள வடிகுழாய் உடைக்கப்படுகின்றது, வாய்க்கால் அடைக்கப்படுகின்றது. அதன்பின் நீர் தன் பழைய இடத்தைத் தானே கண்டுகொள்ளும். மண்ணில் உறங்கிய விதைகளில் சில முளைக்கும். எஞ்சிய செடிவகைகளை விதைக்க வேண்டும். அயல்நாட்டுக் களைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நீக்க வேண்டும். நிலம் சதுப்பாக நிலைபெற்றது என்று ஆய்வாளர் உறுதி செய்தபின், அத்தனை ஏக்கர் வரவு ஒரு கணக்கேட்டில் எழுதப்படும். சாலைப் பணி ஒன்று சதுப்பைத் தொடும்போது அந்த வரவிலிருந்து பற்று எழுதப்படும். இதற்கு ஈரநில வங்கி என்றே பெயர்.

இம்முறையால் நேர்ந்த நன்மைகளை மறுத்தல் ஆகாது. சாலையோரத்தில் புகையும் உப்பும் படிந்து கிடந்திருக்கக்கூடிய நூறு சிறு துண்டுகளுக்கு மாற்றாக, பறவைகள் கூடு கட்டக்கூடிய பெரிய சதுப்பு ஒன்று கிடைக்கின்றது. அதனைப் பேணுவோர் அத்துறையில் தேர்ந்தவர்கள். சாலைப் பணியும் தாமதமின்றி நடைபெறுகின்றது. ஈரநிலங்களின் மீது மத்திய அரசாங்கத்துக்குள்ள அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் பெரிதும் குறுக்கியபோதும், மினசோட்டாவின் சட்டம் மாநிலச் சட்டம் ஆதலின் அது நிலைத்து நின்றது.

கணக்கும் உண்மையும்

எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001இல் இதனை ஆராய்ந்து, ஈரநிலங்களின் செயல்களைப் பொறுத்தவரை நிகர இழப்பு இல்லாமை என்னும் குறிக்கோள் நிறைவேறவில்லை என்று முடிவு கூறிற்று. சில ஈடுகள் செய்யப்படவே இல்லை. செய்யப்பட்டவற்றிலும் பல பழைய சதுப்பின் வேலையைச் செய்யவில்லை. புல்வெளிச் சதுப்புகளில் நீர் விரைவில் திரும்பி விடுகின்றது. வாத்துகளும் திரும்பி விடுகின்றன. ஆனால் கரையோரத்துக் கோரை வகைகள் பல, ஆண்டுகள் கழிந்தும் திரும்புவதில்லை என்று சூசன் கலடோவிட்ச் முதலிய தாவர அறிஞர்கள் கண்டனர். முற்றா நிலக்கரிச் சதுப்பின் நிலையோ இன்னும் கடினம். அப்படிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உயரும். ஒரு முழ ஆழம் படிய நானூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்கு எந்த வங்கி ஈடு தரும்?

இடத்தைப் பற்றிய சிக்கல் அடுத்தது. வடகிழக்கில் சதுப்புகள் மிகுதி. ஆகவே சாலைகளும் அங்கே அவற்றை மிகுதியாகத் தொடுகின்றன. ஆனால் வடிக்கப்பட்ட நிலம் அங்கே குறைவு ஆதலின், மீட்பதற்கு இடம் கிடைப்பது அரிது. தெற்கில் மீட்கத்தக்க நிலம் மிகுதி. ஆனால் அது விலையுயர்ந்த விளைநிலம். வடக்கில் இழந்ததற்குத் தெற்கில் ஈடு செய்தால், பெரிதும் இழந்த பகுதி சற்றே வளம் பெறும் என்பது உண்மை. ஆனால் இழந்த ஓடையின் கரையில் வாழ்வோருக்கு அந்த ஈட்டால் என்ன பயன்? புளோரிடா மாநிலத்தின் ஈரநில வங்கிகளை ஆராய்ந்த ரூல், சால்ஸ்மன் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள், மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்புறத்திலிருந்து மக்கள் குறைந்த நாட்டுப்புறத்துக்கு ஈரநிலங்கள் இடம் பெயர்ந்ததை 2006இல் எடுத்துக் காட்டினர். ஏக்கர் கணக்கில் குறைவில்லை. ஆயினும் வெள்ளத்துக்கு அரணாக இருந்த நிலம் ஒரு சாராரிடமிருந்து நீங்கி மற்றொரு சாராரிடம் சேர்ந்து விட்டது.

மூன்றாவது சிக்கல் பணம். மினசோட்டா வாரியம் ஈடு செய்வதற்கான பொருளைச் சட்டமன்றம் ஒதுக்க வேண்டும். அது பெரும்பாலும் மாநிலக் கடன்பத்திர மசோதாவின் வழியே வருவது. 2022இலும் 2024இலும் சட்டமன்றக் கூட்டத் தொடர்கள் அத்தகைய மசோதாவை நிறைவேற்றாமலே முடிவுற்றன. சாலைப் பணி ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. ஈட்டுக்கான நிதி ஆண்டுதோறும் வருவதில்லை. சதுப்பு நிலைபெறப் பல ஆண்டுகள் வேண்டும் ஆதலின், இன்று நிதி தவறினால் அதன் குறை பின்வரும் ஆண்டுகளின் கணக்கேட்டில் தெரியும். வடிகாலுக்குப் பட்ட கடனைத் தீர்த்த அதே மாநிலம், சாலைக்குப் பட்ட கடனையும் தவறாது தீர்க்குமா என்பது அங்கே இன்றும் எழும் கேள்வி.

நமக்கு உரியது

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த தமிழர்களில் எத்தனையோ பேர் முதன்முதலில் கால் வைத்த கெம்பேகௌடா பேருந்து நிலையம், தர்மாம்புதி ஏரியின் படுகையில் அமைந்தது. கண்டீரவ விளையாட்டரங்கு சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் நிற்கின்றது. கல்கத்தாவின் கிழக்கே, நகரின் கழிவுநீரை மீனாகவும் காய்கறியாகவும் மாற்றித் தரும் சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் உள்ளது. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனைக் காக்க ஆணையிட்டது. 2002இல் அது ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாறு காக்கப்படாத எத்தனையோ ஏரிகளும் தாங்கல்களும் சாலைக்கும் கட்டடத்துக்கும் இரையாயின.

காட்டை அழித்தால் ஈடாக மரம் வளர்க்க வேண்டும் என்னும் முறை நம் நாட்டில் உண்டு. அதற்கான நிதியைப் பற்றி 2016இல் தனிச்சட்டமே வந்தது. ஈரநிலத்துக்கு அங்ஙனம் ஏக்கர் கணக்கில் ஈடு செய்யக் கட்டாயப்படுத்தும் பொதுச்சட்டம் நாடு முழுமைக்கும் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அறிவிக்கை செய்யப்பட்ட ஈரநிலங்களை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன; ஆனால் பாசனத்துக்கும் குடிநீருக்குமென மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அவை தம் வரையறையில் சேர்க்கவில்லை. நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் பெரும்பாலும் பாசன ஏரிகளே.

ஆயின், மினசோட்டாவின் வங்கியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் போதுமா? போதாது என்பதையே அவ்வரலாறு காட்டுகின்றது. அம்மாநிலத்தின் சட்டத்தில் ஈடு என்பது கடைசிப் படி, தவிர்த்தலே முதற்படி. கடைசிப் படியை முதற்படியாகக் கொள்ளும் நாட்டில், ஈடு என்பது அழிப்பதற்கு வாங்கும் அனுமதிச் சீட்டாகிவிடும். நம் நகரங்களில் ஓர் ஏரி செய்து வந்த வேலையை முப்பது மைலுக்கு அப்பால் வெட்டும் குட்டை செய்யாது. மழை பெய்யும்போது நீர் தாழ்வான தெருவையே தேடி வரும். அத்தெருவில் குறைந்த வாடகைக்குக் குடியிருப்போர் பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் வந்த எளியோரே.

ஆகவே, நாம் வாழும் பகுதியில் சாலைத் திட்டம் ஒன்று வருமானால் அதனை எதிர்க்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நல்ல சாலை நமக்கும் வேண்டும். மூன்று கேள்விகளை மட்டும் கேட்கலாம். இச்சாலை ஈரநிலத்தைத் தொடாமல் செல்ல வழி உண்டா? தொட்டே தீர வேண்டுமெனில், நீர் இருபுறமும் தடையின்றிச் சென்றுவரச் சிறுபாலமும் மதகும் எத்தனை வைக்கப்படும்? எஞ்சும் இழப்புக்கு ஈடு எங்கே, எப்போது, யார் செலவில் செய்யப்படும்? இக்கேள்விகளைக் கேட்கப் பொறியியல் அறிவு வேண்டுவதில்லை. பிறந்த மண் எது என்பதும் தடையாகாது. மினசோட்டாவில் சாலைக்குப் போகும் கால் ஏக்கர் சதுப்பும் கணக்கில் எழுதப்படுகின்றது. அதன் ஈடு குறையுடையதாக இருப்பினும், இழந்தது இன்னது என்று எழுதி வைத்த ஏடு அங்கே இருக்கின்றது. நம் ஊர்களில் அந்த ஏட்டின் முதற் பக்கமே இனித்தான் எழுதப்பட வேண்டும்.